வலது மேல் மூலையில் ஒரு பருந்து

1

இதைக் கதையாக எழுத நினைக்கவில்லை. என் கடைக் கவுண்டரில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் போகலாம் என்று ஒரு துண்டுத்தாளை அடுக்கி வைத்திருக்கிறேன். ‘கேமராவைத் திட்டுவதற்கு முன்’ என்று தலைப்பு. எட்டுக் குறிப்புகள். நேற்றிரவு எட்டாவது குறிப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். அது என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

முதல் குறிப்பு: லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா? சிரிக்க வேண்டாம். வருடத்துக்கு நாலு பேராவது, படமெல்லாம் கறுப்பாக வருகிறது என்று மூடியோடு கொண்டுவந்து நீட்டுகிறார்கள். மூடியைக் கழற்ற ஒரு நொடி போதும். ஆனால் நான் கேமராவை உள்ளறைக்கு எடுத்துப்போய், ஒரு காபி குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் கொண்டுவருவேன். “சின்னக் கோளாறுதான், சரியாயிடுச்சு” என்பேன். காசு வாங்க மாட்டேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர்கள் ஆயுள் முழுக்க என்னிடமே வாங்குவார்கள்.

இரண்டாவது: பேட்டரி செத்துவிட்டது என்று ஜனவரியில் முடிவு கட்டாதீர்கள். எங்கள் மினசோட்டாக் குளிரில் பேட்டரி மயங்கித்தான் விழும். உள்சட்டைப் பையில் கால்மணி நேரம் வைத்திருந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது: மெமரி கார்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு, அது பூட்டியிருக்கிறதா பாருங்கள். நான்காவது: பனியிலிருந்து சூடான வீட்டுக்குள் வரும்போது கேமராவைப் பிளாஸ்டிக் பையில் வைத்து வாயை இறுகக் கட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் உள்ளே வியர்த்துப் போகும். ஐந்தாவது: கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் தெளிவாக விழ வேண்டுமென்றால் லென்ஸின் துளை எண்ணை 22-இல் வையுங்கள்.

இந்த ஐந்தாவது குறிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு.

(ஆறும் ஏழும் பிறகு.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆகஸ்ட் மாதத்து வெயில் சோளக் கதிர்களின் மேல் பொன்னாக உருகி வழிந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், தனிமையின் பாரத்தைத் தோளில் சுமந்தபடி

வேண்டாம். இப்படி மினுக்கி வைத்த சரக்கை நானே வாங்க மாட்டேன். பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். மினுமினுப்பைக் கண்டால் முதலில் பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் என் பழக்கம்.

இரண்டாம் முயற்சி:

லவோன் ட்வெய்ட் தன் அறுபத்து நான்கு வயதில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

இதுவும் சரியில்லை. ஒன்று சொன்னார். ‘கொஞ்ச நேரம்.’ இரண்டே சொல். அதுவும் மரியாதைக்காக. இந்தக் கதை முழுக்க அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் இரண்டு சொல்லைக் கதை என்று கொடுத்தால் நான் முதலில் சொன்ன விலைக்கு நீங்கள் வரமாட்டீர்கள்.

மூன்றாம் முயற்சி. இதை வைத்துக்கொள்கிறேன்:

மே மாதம் லவோன் என் கடையில் பழைய கேமரா ஒன்று வாங்கினார். பால் பண்ணை நடத்திய கணவர் ஆரின் போய் நாலு வருடம். மாடுகளை விற்றாயிற்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீட்டுக்கு எதிரே சிவப்பு மரக் கொட்டகை ஒன்று சும்மா நிற்கிறது. அதைப் படம் எடுக்கலாமே என்று தோன்றியதாம். கேமராவின் கழுத்துப் பட்டையில் நான் தொங்கவிட்டிருந்த அட்டையில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘உள்ளும் புறமும் சுத்தம் செய்தது.’ கேமராவோடு துண்டுத்தாளையும் எடுத்துப்போனார். ஐந்தாவது குறிப்பை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எதை எடுத்தாலும் 22.

3

ஆம்ஸ்டாட் கவுண்டிக் கண்காட்சி, மாவட்டத் திருவிழா மாதிரி, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நடக்கும். பன்றி, பூசணி, ஊறுகாய், தையல், புகைப்படம், எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. நடுவர் தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டுவிட்டுப் போவது இங்கே கிடையாது. போட்டிக்குக் கொடுத்தவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வார். குறையைக்கூடத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி சொல்வார். உட்கார்ந்திருப்பவர்கள் எதிர்த்துப் பேசக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

புகைப்படத்துக்கு நடுவர் டுவெய்ன் ப்ரெக்கே. பள்ளியில் விவசாயம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, மனைவி இல்லை, பறவை பார்ப்பதுதான் பொழுது. கொட்டகைப் படங்கள் மட்டும் அன்று பத்தொன்பது. பதினெட்டையும் பொறுமையாகப் பாராட்டினார். பத்தொன்பதாவதைக் கையில் எடுத்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

வலது மேல் மூலையில், வெளிறிய வானத்தில், இறக்கை விரித்த ஒரு சின்ன வளைகோடு.

“கொட்டகையை யாரும் எடுக்கலாம்” என்றாராம் ப்ரெக்கே. “இவங்க செவ்வால் பருந்து வர்ற வரைக்கும் நின்னிருக்காங்க. இதுதான் படம்.” பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, “லவோன், எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?” என்று கேட்டாராம்.

லவோனுக்கு அந்தப் பருந்தைக் கண்டதாகவே ஞாபகம் இல்லை. பிரிண்ட் வந்தபோது மூலையில் ஏதோ பறவை என்று விட்டுவிட்டார். இப்போது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறார். ‘நான் பருந்தைப் பார்க்கவே இல்லை’ என்று சொன்னால் அவரைச் சபையில் வைத்து அறைந்த மாதிரி. உலகத்தில் வேறெங்கே ஆனாலும் ஒருவர் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார், இல்லை கூசாமல் பெரிய பொய்யாகச் சொல்லிவிடுவார். எங்கள் ஊர்க்காரர் மட்டும்தான் அடுத்தவரின் மனம் நோகாத அளவுக்குத் துல்லியமாக அளந்து ஒரு பொய் சொல்வார்.

“கொஞ்ச நேரம்” என்றார் லவோன்.

ஊதா ரிப்பன். அந்த வருடத்து எல்லாப் படங்களிலும் முதல்.

4

இங்கே ஆர்டிஸைக் கொண்டுவர வேண்டும். ஆர்டிஸ், செத்துப்போன ஆரினின் தங்கை. ஒன்பது வருடமாக ஊதா ரிப்பன் ஆர்டிஸின் ஃபிரிட்ஜ் கதவில்தான் தொங்கியது. இந்த வருடம் அவர் எடுத்த தேன்சிட்டுக்கு இரண்டாமிடம்.

(ஒரு குறிப்பு. இந்த ஊரில் அண்ணன் மனைவியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆர்டிஸ் ‘லவோன்’ என்று சொல்லும்போது அதில் இருக்கும் இனிப்பும் முள்ளும் வெறும் பெயரில் வராது. நம்மிடம் அதற்கென்றே ஒரு சொல் இருக்கும்போது அதை ஏன் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்? நானே போட்டுவிட்டேன்.)

“அண்ணி, அந்தப் பருந்து உங்களுக்குன்னே வந்து நின்னிருக்கு பாருங்க” என்றாராம் ஆர்டிஸ், கைகுலுக்கியபடி. இரண்டு வாரம் கழித்துத் தேவாலய வாசலில், “எங்க நாப்பதாவது கல்யாண நாள் படம் இன்னும் வரலையே அண்ணி. பருந்துக்குன்னா எவ்வளவு நேரம்னாலும் நிக்கிறீங்க.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லவோனும் சிரித்தார். வரும் ஞாயிறு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து தேவாலயத்தில் சாப்பிடும் விருந்தில் தருவதாகச் சொன்னார். வீட்டுக்குப் போய், ஜூனில் எடுத்துவைத்த அந்தப் படங்களை முதல்முறையாக ஒழுங்காகத் திறந்து பார்த்தார்.

ஆர்டிஸும் கணவரும் தோட்டத்தில். வலது மேல் மூலையில் பருந்து. கேக் வெட்டுகிறார்கள். கேக்குக்கு மேலே, வானத்தில், பருந்து. தேவாலயக் கோபுரம், பருந்து. பேரப்பிள்ளைகள் வரிசையாக, பருந்து. அறுபத்தொரு படம். அறுபத்தொன்றிலும் அதே உயரத்தில், அதே இடத்தில், அதே சாய்வில், இறக்கையைக்கூட அசைக்காமல் நிற்கிறது.

5

வியாழக்கிழமை அந்தப் படங்களை என் கவுண்டரில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, லவோன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முதல் நாலு படத்தைப் பார்த்த உடனேயே புரிந்துகொண்டேன். ஆனாலும் கடைசிப் படம் வரை பார்த்தேன். மூடியைக் கழற்றப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற அதே மரியாதை.

“இது பறவை இல்ல, இல்லையா?” என்றார்.

“இல்ல.”

“அது எனக்கும் தெரிஞ்சுபோச்சு. என்னன்னுதான் தெரியல.”

சொன்னேன். லென்ஸுக்குப் பின்னால், உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கும் பின்னால், படம் விழுகிற தகடு ஒன்று இருக்கிறது. சென்சார். அதில் ஒரு நூல்துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. துளை பெரிதாக இருந்தால் அது கலங்கிக் காணாமல் போகும். 22-இல் வைத்தால் துளை மிகச் சிறிதாகிவிடும், அப்போது கோடு போட்ட மாதிரி விழும். அங்கே எல்லாம் தலைகீழாகத்தான் விழும் என்பதால், இவ்வளவு உயரத்தில் பறக்கிற இந்தப் பருந்து நிஜத்தில் தகட்டின் அடியில் கிடக்கிறது. வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கேருந்து வந்துச்சு?”

இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். ஏப்ரலில் அந்தக் கேமரா என் மேசைக்கு வந்தபோது சென்சாரில் லேசாகத் தூசி இருந்தது. அதைத் துடைக்க முறையான துடைப்பான் உண்டு. அன்று தீர்ந்திருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ஒரு இழு இழுத்தேன். பஞ்சு, போகும்போது தன்னில் ஓர் இழையை விட்டுவிட்டுப் போயிற்று. ‘உள்ளும் புறமும் சுத்தம் செய்தது’ என்று அட்டை எழுதினேன். ஆக, ஆம்ஸ்டாட் கவுண்டியின் செவ்வால் பருந்தைப் படைத்தவன் நான்.

“காத்துல வந்திருக்கும்” என்றேன்.

உடனே வியாபாரியாகி ஒரு வழியும் சொன்னேன். அறுபத்தொரு படத்திலிருந்தும் பருந்தைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். ஒரு மதியப் பொழுது வேலை. ஆர்டிஸுக்கு வெறும் வானம் போகும், ரிப்பன் வாங்கிய படத்தில் பருந்து இருக்கும், கேமராவைச் சுத்தம் செய்துவிட்டால் சாட்சியும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை லவோன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றார். ஒரு பொய்யே தூக்க முடியாமல் இருக்கிறது, மேலே அறுபத்தொன்றை ஏற்ற முடியாது என்றார்.

பிறகுதான் உண்மையான சங்கதி வந்தது. அது ஆர்டிஸ் இல்லை.

கண்காட்சி முடிந்த மறுவாரம் ப்ரெக்கே போன் செய்திருக்கிறார். அந்தப் பருந்து பக்கத்தில்தான் கூடு கட்டியிருக்க வேண்டும், தொந்தரவு இல்லை என்றால் வந்து பார்க்கலாமா என்று. தொந்தரவு என்று இங்கே யார் சொல்வார்கள்? மடக்கு நாற்காலியைத் தானே கொண்டுவந்து, வேலியோரம் போட்டு, பைனாகுலரோடு உட்கார்ந்துகொண்டார். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. முதல் நாள் லவோன் மரியாதைக்குக் காபி கொண்டுபோனார். இரண்டாம் நாள் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட இனிப்புத் துண்டுகள். மூன்றாம் நாள் தனக்கும் ஒரு நாற்காலி. வியாழக்கிழமையோடு பதினோரு காலை ஆயிற்று.

“ஒவ்வொரு நாளும் எந்திரிக்கறப்ப ‘நாளைக்கு வந்துரும்’னு சொல்லிட்டுப் போறாரு” என்றார் லவோன். “எனக்குத் தொண்டை வரைக்கும் வருது, சொல்ல முடியல. சொல்லிட்டா அப்புறம் அவருக்கு அங்க என்ன வேலை?”

எங்கள் ஊரில் ஒருவர் விடைபெறுவது நீண்ட காரியம். “சரி, அப்ப” என்று சொல்லி எழுவார்கள். கதவருகே இன்னொரு “சரி, அப்ப.” கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது. சொல்ல வந்ததை அந்த மூன்றாவதற்குப் பிறகுதான் சொல்வார்கள். இங்கே கடை வைத்த இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்றது இதுதான்: வாடிக்கையாளர் கைப்பிடியைத் தொடும்வரை விலையை இறக்கக் கூடாது.

லவோன் முதல் “சரி, அப்ப” சொன்னபோது இப்படித் தீர்மானமாக இருந்தது: கேமராவைச் சுத்தம் செய்ய வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார். ப்ரெக்கேயை அன்று கொஞ்சம் இருக்கச் சொல்லி, அவர் கண்முன்னே அதே கொட்டகையை அதே இடத்தில் நின்று எடுப்பார். பருந்து இருக்காது. ஊதா ரிப்பன் படத்தைப் பக்கத்தில் வைப்பார். பேச வேண்டிய அவசியமே இல்லாமல் அவருக்குப் புரிந்துவிடும். ரிப்பனைத் திருப்பிக் கொடுப்பார். ஞாயிறு ஆர்டிஸ் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாவது “சரி, அப்ப”வில், கைப்பிடியைப் பிடித்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“சுத்தம் பண்ண நேரம் இல்லாட்டியும் பரவாயில்ல, ஷா. நீங்களே பார்த்துச் செய்யுங்க.”

6

இந்தப் பகுதியில் கதைசொல்லிக்கும் லவோனுக்கும் இடையே ஒரு நீண்ட உரையாடல் வந்திருக்க வேண்டும். அதில் அவன் பஞ்சுக் குச்சியைப் பற்றி

எழுதவில்லை. நடக்காததால் எழுதவில்லை என்று சொல்லலாம். நடக்காத எத்தனையோ எழுதுகிறேன், இதை மட்டும் ஏன் விட்டேன் என்று என் மனைவி கேட்பாள். ஒருமுறை இப்படியும் சொன்னாள்: “நீங்க எழுதுற எல்லாத்துலயும், விஷயம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கற வியாபாரி ஒருத்தன் வந்துடறான்.”

எட்டாவது குறிப்பின் பழைய வடிவத்தில் ஒரு சோதனை இருக்கிறது. லென்ஸை மாற்றிப் படம் எடுங்கள். புள்ளி மறைந்தால் குறை லென்ஸில். மறையவில்லை என்றால் குறை உள்ளே. நானும் மாற்றிப் பார்த்துவிட்டேன். காதல் கதை எழுதினேன், பேய்க்கதை எழுதினேன், குழந்தைகளுக்கு ஒன்று எழுதினேன். மூன்றிலும் அவன் வலது மேல் மூலையில் நிற்கிறான்.

(துண்டுத்தாளின் ஆறாவது குறிப்பு: பேட்டரி ஏறவில்லை, கார்டு படிக்கவில்லை என்றால், பித்தளை நிறத்தில் தெரியும் முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிடுங்கள். வேறு எதாலும் தேய்க்காதீர்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.)

7

ஏழாவது குறிப்பு: கண் வைத்துப் பார்க்கும் துளையில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தும், எடுத்த படம் தெளிவாக இருந்தால், கேமராவில் குற்றமில்லை. துளையின் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பையில் உரசி அது திரும்பியிருக்கும். உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை டுவெய்ன் ப்ரெக்கே இந்தக் கோளாறோடு வந்தார்.

இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரும். வியாழன் அவர், வெள்ளி இவர், கதைக்கு வசதியாக ஒருவர் பின் ஒருவராக வருகிறார்களே என்று. கவுண்டிக்கே கேமராக் கடை ஒன்றுதான். எல்லோரும் என் கதவைத்தான் தள்ளியாக வேண்டும்.

உள்ளறைக்கு எடுத்துப்போய்ச் சக்கரத்தைத் திருப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணில் வைத்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைப் பலகையில் அதைச் செய்த தச்சன் பெயர்கூடத் தெரிகிறது என்றார். காலையில் எங்கே உட்காருகிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வானிலையைப் பற்றிப் பேசினோம். சோளத்தைப் பற்றிப் பேசினோம். “சரி, அப்ப” என்றார். கதவருகே இன்னொன்று. மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதையும் சொன்னார். பிறகுதான்: “முப்பத்தஞ்சு வருஷமா பறவை பாக்கறேன், ஷா.”

“தெரியும்.”

“செவ்வால் பருந்துக்கு வால் உண்டு.”

நான் கவுண்டரில் இருந்த துண்டுத்தாள் அடுக்கைச் சீராக்கினேன்.

“கண்காட்சியில என் கண்ணாடி சரியில்ல. வேலிகிட்ட போன ரெண்டாம் நாளு, கை கழுவ உள்ள போனேன். சமையலறைச் சுவத்துல அந்தப் படம் மாட்டியிருந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். அதுக்கு வாலு இல்ல. தலையும் இல்ல.” கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நாப்பது பேரு முன்னாடி எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கன்னு கேட்டது நான். அந்தம்மா வேற என்ன பதில் சொல்ல முடியும்? நான் கேட்டிருக்கக் கூடாது.”

“அப்புறமும் ஒம்பது நாள் போயிருக்கீங்களே.”

“ருபார்ப் நல்லா இருந்துச்சு” என்றார் ப்ரெக்கே, முகத்தில் ஒன்றும் காட்டாமல். “நாற்காலியும் ரெண்டாயிடுச்சு. திடீர்னு நிறுத்துனா அவங்க என்ன நெனப்பாங்க?”

அது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்பதை அவர் என் முகத்திலேயே பார்த்திருக்க வேண்டும். கையை உயர்த்தித் தடுத்தார்.

“நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேண்டாம். சரி, அப்ப.”

நாலாவது “சரி, அப்ப”வை வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

8

இப்போது என் மேசையில் கேமரா இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. முடிவுகளை வரிசையாக வைக்கிறேன், தொட்டுப் பாருங்கள்.

முடிவு அ: சுத்தம் செய்கிறேன். லவோன் ப்ரெக்கேயின் முன்னால் படம் எடுக்கிறார். வானம் துடைத்த மாதிரி இருக்கிறது. எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. லவோனின் தோளிலிருந்து பாரம் இறங்குகிறது, ரிப்பன் ஆர்டிஸின் ஃபிரிட்ஜுக்குத் திரும்புகிறது. ப்ரெக்கே, தனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஒன்பது நாள் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று விளக்க வேண்டும். ஆகவே ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்வார், வருத்தம் ஒன்றுமில்லை என்பார், நாற்காலியை மடக்குவார். மடக்கிய நாற்காலியை மறுபடி விரிக்க இவர்களுக்கு இன்னொரு பறவை வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆகுமோ.

முடிவு ஆ: சுத்தம் செய்யவில்லை. லவோன் படம் எடுக்கிறார். கேமராவின் திரையில் இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். பருந்து இருக்கிறது. இருவரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார்கள். இல்லை. மறுபடி திரை, இருக்கிறது. இருவருக்கும் தெரியும், இருவரும் தெரியாத மாதிரி நிற்கிறார்கள். “அடடே, வந்துருச்சே” என்பார் ப்ரெக்கே. திங்கட்கிழமையும் நாற்காலி வரும். ஆனால் ஞாயிறு ஆர்டிஸ் அறுபத்தொரு படத்தையும் மேசையில் பரப்பி, எல்லோர் முன்னாலும், “அண்ணி, உங்க பருந்து எங்க கேக்கைத் தின்ன வந்திருக்கே” என்று கேட்பார். அந்த நேரத்தில் லவோனுக்குப் பக்கத்தில் யாராவது எழுந்து நிற்பார்களா?

இந்த ‘யாராவது’ யார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எழுபது வயது வரை சபையில் எதிர்த்துப் பேசாத ஒருவரை ஒரு வாக்கியத்தில் எழுப்பி நிறுத்துவது கள்ளச் சரக்கு.

முடிவு இ: பத்தேகாலுக்கு நிஜமாகவே ஒரு செவ்வால் பருந்து வந்து, வலது மேல் மூலையில்

சே.

ஆர்டிஸிடம் நானே போய், பஞ்சுக் குச்சி என்னுடையது, பருந்து என்னுடையது, அண்ணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் நாலாவது முடிவு ஒன்றும் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் அடுத்த கேள்வியாக, இந்தக் கடையில் வாங்கிய மற்ற கேமராக்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கேட்பார்கள். இந்த முடிவைக் கவுண்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துக் காட்டுவேன். கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

இனி எட்டாவது குறிப்பு, திருத்திய வடிவம். இதற்காகத்தானே உட்கார்ந்தேன்:

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் புள்ளியோ கோடோ இருந்தால், லென்ஸை மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் சென்சாரில் தூசி. முழுதாக ஏறிய பேட்டரியைப் போட்டு, சுத்தம் செய்வதற்கான நிலையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து வழிவிடும். பேட்டரி பாதியில் தீர்ந்தால் கண்ணாடி கீழே விழுந்து அடிபடும், அதனால்தான் முழுப் பேட்டரி. கேமராவின் வாயைத் தரைப் பக்கம் கவிழ்த்துப் பிடியுங்கள். அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பந்தால் மூன்று முறை காற்றடியுங்கள். பந்தின் மூக்கு உள்ளே எதையும் தொடக் கூடாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் தூசி கறையாகிவிடும். பஞ்சுக் குச்சி பக்கமே போகாதீர்கள். பிறகு துளை எண்ணை 22-இல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுத்து, மூலை மூலையாகப் பாருங்கள்.

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறேன். பேட்டரி முழுசாக இருக்கிறது. கண்ணாடி எழுந்து நிற்கிறது. தகட்டின் அடியில், பழுப்பு வெளிச்சத்தில், என் பருந்து தெரிகிறது, கண்ணிமை முடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரப்பர் பந்து இதோ, உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். மூன்று முறை. அல்லது ஒருமுறைகூட இல்லை.

பத்து மணிக்குக் கதவு மணி அடிக்கும். சுத்தம் செய்தீர்களா என்று லவோன் கேட்க மாட்டார், இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. நானாகத்தான் சொல்வேன், ஏப்ரலில் அட்டையில் எழுதிய அதே சொல்லை, அதே முகத்தோடு: “உள்ளும் புறமும் சுத்தம்.” அன்று அது பொய். இன்று அது என்ன என்பது எனக்கும் தெரியாது. நீங்கள் அமுக்கினீர்களா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, துண்டுத்தாளை நூறு பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.